கிளிப் கழற்றியதும் தெரிகிற ஈறுச் சந்து

சென்னையில் இப்போது கிளிப் போட்டுக்கொள்கிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் இல்லை. ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குச் சேர்ந்து, கையில் கொஞ்சம் காசு நின்றதும் பல்லைச் சரிசெய்ய வருகிறவர்கள் நிறைய. கல்யாணப் பேச்சு எடுத்ததும் அவசரமாக வருகிறவர்கள் உண்டு. பிள்ளைக்குக் கிளிப் போட அழைத்து வந்து, அதே நாற்காலியில் தாங்களும் உட்கார்ந்துவிட்ட நாற்பது வயது அம்மாக்களும் உண்டு. இப்படிப் பெரியவர்களான பிறகு போட்டுக்கொள்கிறவர்களில் கணிசமான பேர் கம்பியைக் கழற்றும் நாளில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார்கள். பற்கள் வரிசையாகத்தான் நிற்கின்றன. ஆனால் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, ஈறை ஒட்டிய இடத்தில், சின்னதாக ஒரு கறுப்பு முக்கோணம்.

“டாக்டர், வரும்போது இந்த கேப் இல்லையே?”

“இருந்ததும்மா. ஒரு பல்லு மேல இன்னொண்ணு ஏறி மறைச்சிட்டிருந்தது.”

டாக்டர் சொல்வது பெரும்பாலும் உண்மை. அதைக் கம்பி கட்டும் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஏனென்றால் இந்த முக்கோணத்தைக் குறைக்கக் கைவசம் இருக்கும் வழிகளில் நல்லது எதுவோ, அது கம்பி வாயில் இருக்கும்வரைதான் எளிது. கழற்றிய பிறகு மிச்சமிருப்பவை பூசுவது, ஒட்டுவது, ஊசி போடுவது போன்றவை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இரண்டு பற்களும் எங்குமே ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்பது வேறு. நம்மூரில் சிலர் அதிர்ஷ்டம் என்பார்கள், சிலர் அதை மூடத்தான் கிளிப்பே போடுவார்கள். இங்கே பேசுவது, நுனிப்பக்கம் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஈறுப்பக்கம் மட்டும் திறந்து கிடக்கும் சந்து. ஃப்ளாஸ் நூலை நுனியிலிருந்து ஈறை நோக்கி இறக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி, டக்கென்று விடுபட்டு உள்ளே போனால் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அதற்கப்புறம் நூல் எதிலும் படாமல் ஆடுகிற வெற்றிடம் இருந்தால், அதுதான் அந்தச் சந்து. வாயின் உள்புறம் இருட்டு என்பதால் அது கறுப்பாகத் தெரிகிறது. அந்த இடத்தில் சொத்தையோ அழுக்கோ இருக்க வேண்டும் என்பதில்லை.

சாதாரணமாக அந்த இடத்தை ஈறின் ஒரு சிறு கூர்முனை நிரப்பியிருக்கும். மேல் நடுப்பற்களில் அது பல் உயரத்தில் ஏறக்குறையப் பாதிவரை வந்து நிற்கும். அந்த முனை எவ்வளவு தூரம் வரும் என்பதை ஈறு தானாகத் தீர்மானிப்பதில்லை, அடியில் இருக்கும் எலும்புதான் தீர்மானிக்கிறது. பந்தல்கால் எவ்வளவு உயரமோ அதைப் பொறுத்துத்தானே மேலே துணி நிற்கும், அதுபோல. 1992-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் டென்னிஸ் டார்னோவும் கூட்டாளிகளும் 30 பேரின் வாயில் 288 இடங்களை அளந்து ஒரு கணக்கு சொன்னார்கள். பற்கள் தொட்டுக்கொள்ளும் புள்ளியிலிருந்து எலும்பு மேடுவரை உள்ள தூரம் 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்த இடங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஈறு முனை சந்தை முழுக்க நிரப்பியிருந்தது. 6 மி.மீ. ஆனதும் அது 56 சதவீதமாக இறங்கியது. 7 மி.மீ.-இல் 27 சதவீதம்தான். ஒரே ஒரு மி.மீ. கூடினால் போதும், நிரம்பிய சந்து பாதிக்குப் பாதி வாய்ப்பாகிவிடுகிறது. இன்றும் பல் டாக்டர்கள் வாயில் அடிக்கடி அடிபடும் எண் இந்த 5 மி.மீ.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கும். எலும்பு தள்ளிப் போனாலும் முக்கோணம் வரும், தொடும் புள்ளி பல் நுனிக்கு அருகில் அமைந்தாலும் வரும். பல்லை நேராக்கும்போது எலும்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாறுவது தொடும் புள்ளி.

நெருக்கி முளைத்த முன்பற்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று முன்னால் துருத்தி நிற்கும், பக்கத்துப் பல் பாதி அதன் பின்னால் ஒளிந்திருக்கும். இரண்டும் பக்கவாட்டில் தட்டையாக உரசிக்கொண்டிருப்பதால் நடுவில் ஈறு முனை ஒழுங்காக உருவாகவே இடம் இருந்திருக்காது. அங்கே ஒன்று குறைகிறது என்பதும் வெளியே தெரியாது. அவற்றை வரிசைக்குக் கொண்டுவந்ததும் பல்லின் உண்மையான வடிவம் முதன்முறையாக வெளிச்சத்துக்கு வருகிறது. நுனி அகலமாகவும் கழுத்து குறுகலாகவும் உள்ள பல் என்றால் இரண்டும் நுனியில் மட்டும் தொட்டுக்கொள்ளும், கழுத்துப் பக்கம் திறந்து நிற்கும். இத்தகைய முக்கோணப் பல் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஈறும் எலும்பும் மெலிதாகவே இருக்கும். சதுரமான, கட்டையான பல் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. டாக்டர் முதல் நாளே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக் கணிக்கக்கூடிய விஷயம் இது, பெரிய பரிசோதனை எதுவும் வேண்டாம்.

அடுத்தது பல்லின் வேர். இதை நோயாளி பார்க்க முடியாது, எக்ஸ்-ரேதான் பார்க்கும். கோணலாக இருந்த பல்லின் நுனி பல வருடங்களில் சாய்வாகத் தேய்ந்திருக்கும். டாக்டர் அந்த நுனியை அளவுகோலாக வைத்து, கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு பிடியான பிராக்கெட்டை ஒட்டினால், கம்பி அந்தச் சாய்ந்த நுனியை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரும். அப்போது பல்லின் வேர் எதிர்ப்பக்கம் விலகிப் போகும். வெளியே பார்த்தால் நேர்த்தியான வரிசை, எக்ஸ்-ரேயில் பார்த்தால் இரண்டு வேர்களும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் சாய்ந்து நிற்கும். 2001-இல் குர்த், கோகிச் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களான பிறகு பல்வரிசைச் சிகிச்சை எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு இந்தத் திறந்த சந்து இருந்தது. வேர்கள் விலகும் கோணம் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சந்து விழும் வாய்ப்பு 14 முதல் 21 சதவீதம்வரை ஏறுவதாகவும் அதே ஆய்வு சொல்கிறது. பத்துப் பேரில் ஏறக்குறைய நாலு பேர்! இத்தனை சகஜமான ஒன்றைச் சிகிச்சைக்கு முன் பேசாமல் விடுவது எனக்குப் புரியவே இல்லை. செலவு எவ்வளவு, தவணை எவ்வளவு, கலர் ரப்பர் வேண்டுமா என்பதெல்லாம் விலாவாரியாகப் பேசப்படுகிறது.

வயதும் சேர்ந்துகொள்கிறது. பதினாலு வயதில் கிளிப் போடும் பிள்ளையின் எலும்பு மேடும், முப்பத்தைந்தில் போடுகிறவரின் எலும்பு மேடும் ஒன்றல்ல. ஈறு நோய் வந்து போயிருந்தால் சொல்லவே வேண்டாம். கீழ்வரிசையில் இடம் போதவில்லை என்று முன்பல் ஒன்றைப் பிடுங்கி, மீதியை நெருக்கிச் சேர்க்கும் சிகிச்சையிலும் அந்த இடத்தில் முக்கோணம் விழுவது அதிகம்.

இங்கே நம்மூர் நம்பிக்கை ஒன்றைத் தொட்டாக வேண்டும். “பல் கிளீன் பண்ணிக்காதே, பல்லுக்கு நடுவுல கேப் வந்துரும், பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சிரும்” என்று சொல்லாத பெரியம்மா இருக்க முடியாது. அவர் பார்த்தது பொய் இல்லை, சொன்ன காரணம்தான் தவறு. கீழ் முன்பற்களின் உள்பக்கம் வருஷக்கணக்காகக் காரை படிந்து, சிமென்ட் பூசியதுபோல் சந்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதன் அடியில் ஈறும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே இருந்திருக்கும். ஸ்கேலிங் செய்து காரையை எடுத்ததும் அந்த இடம் திறந்து தெரிகிறது. வீங்கியிருந்த ஈறும் சில நாட்களில் வற்றி உள்ளே போகிறது. கண்ணுக்குத் தெரிவது, கிளீன் பண்ணியதும் கேப் வந்தது என்பது மட்டும்தான்.

கிளிப் போட்டவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. பிராக்கெட்டைச் சுற்றிச் சரியாகத் தேய்க்காமல் விட்டால் ஈறு உப்பி, சந்தை நிரப்பிக்கொண்டு, பார்க்கப் பரவாயில்லாமல் இருக்கும். கழற்றிய சில வாரங்களில் ஈறு ஆரோக்கியமாகும், வீக்கம் வடியும், சந்து ‘புதிதாக’ முளைக்கும். எதிர்த்திசையிலும் நடப்பதுண்டு. எலும்பு நன்றாக இருந்து, ஈறு முனை மட்டும் நசுங்கியிருந்தால், சில மாதங்களில் அது தானே ஓரளவு வளர்ந்து நிரப்பிவிடும். சாப்பிட்டு முடித்ததும் பல் குத்தும் குச்சியாலோ ஊக்காலோ சந்தைக் குத்திக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விட்டவர்களுக்கும் அந்த முனை திரும்பி வருவதுண்டு. ஆகவே கழற்றிய மறுநாளே எதையாவது பூசச் சொல்லி அடம்பிடிப்பதில் பயன் இல்லை. ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்லும் டாக்டர் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

சரி, கம்பி வாயில் இருக்கும்போது என்ன செய்யலாம்?

வேர் விலகியிருந்தால் அந்தப் பிராக்கெட்டை எடுத்துவிட்டு, நுனியைப் பார்க்காமல் எக்ஸ்-ரேயில் தெரியும் வேரின் போக்கைப் பார்த்து மறுபடி ஒட்ட வேண்டும். வேர் நேராகும்போது நுனி கொஞ்சம் கோணலாகத் தெரியும், அதைக் கடைசியில் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்திவிடலாம். இதற்குச் சில மாதங்கள் கூடுதலாகப் பிடிக்கும். “எப்ப சார் கழட்டுவீங்க?” என்று ஒவ்வொரு தடவையும் நச்சரிக்கிறவர்களுக்கு இது கசக்கும்தான்.

பல்லின் வடிவம்தான் காரணம் என்றால், இரண்டு பற்களும் சந்திக்கும் பக்கவாட்டை மெல்ல ராவுவார்கள். பல்லை ராவுவது என்றதும் பயம் வருகிறது, எனவே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். வைரத்தூள் ஒட்டிய மெல்லிய உலோகப் பட்டை ஒன்றை இரண்டு பற்களுக்கு நடுவே விட்டு முன்னும் பின்னுமாக இழுப்பார்கள். சர் சர் என்று சத்தம் மண்டைக்குள் கேட்கும், பல் அதிர்வது தெரியும், நாக்கில் லேசாக மாவு மாதிரி ஏதோ படும். எனாமலுக்கு உணர்ச்சி நரம்பு கிடையாது என்பதால் பொதுவாக மரத்துப்போகும் ஊசி தேவைப்படுவதில்லை. நடுநடுவே தகடு போன்ற ஒரு அளவுகோலைச் சந்தில் செருகி எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். முன்பல்லில் ஒரு பக்கத்துக்கு எடுப்பது பொதுவாகக் கால் மி.மீ. அளவுதான். இரண்டு பல்லும் சேர்ந்து அரை மி.மீ. இடம் கிடைக்கும். பிறகு வழவழப்பாக்கி, ஃப்ளோரைடு தடவி, சங்கிலி ரப்பர் மாட்டி அந்த அரை மி.மீ.-ஐ மூடுவார்கள்.

இப்படிச் செய்வதில் இரண்டு லாபம். புள்ளியாக இருந்த தொடும் இடம் நீளமான கோடாகி எலும்பை நோக்கி நகர்கிறது, அதாவது அந்த 6 மி.மீ. தூரம் 5-க்கு இறங்குகிறது. கூடவே, பற்கள் நெருங்கும்போது நடுவில் இருக்கும் ஈறு அழுத்தப்பட்டுச் சந்துக்குள் பிதுங்கி வருகிறது. கம்பியோ, அதற்குப் பதிலாகப் பல்லில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டான அலைனரோ இல்லாதவருக்கு இதே ராவலைச் செய்தால் அரை மி.மீ. வெறும் இடைவெளிதான் மிஞ்சும், மூட ஆள் கிடையாது. இதனால்தான் கழற்றுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஒரு நாள் உட்கார்ந்து சந்துகளைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறேன். கழற்றிய பிறகும் செய்ய முடியாதது இல்லை. மறுபடி கொஞ்ச நாள் பிராக்கெட்டோ அலைனரோ போட வேண்டும். அதற்கு எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

அலைனர் போடுகிறவர்கள் இதிலிருந்து தப்பிவிடுவதாக ஒரு பேச்சு உண்டு. அப்படி எதுவும் இல்லை. எலும்பும் பல்லின் வடிவமும் அதேதான். வேரைத் திருப்புவது பிளாஸ்டிக் தட்டுக்குக் கம்பியைவிடச் சற்றுச் சிரமமான வேலையும்கூட.

ராவலுக்கும் எல்லை உண்டு. எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. ஏற்கெனவே ஒல்லியான பல்லை மேலும் ஒல்லியாக்கினால் முக்கோணம் மறைந்து குச்சிப் பல் வரும். மேல்வரிசையை மட்டும் சுருக்கினால் கீழ்வரிசையோடு கடி பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டும். எவ்வளவு எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் மி.மீ. கணக்கில் பதில் வர வேண்டும். “கொஞ்சமாத்தான்” என்பது பதில் ஆகாது.

கம்பியைக் கழற்றியாகிவிட்டது, ஆறு மாதமும் பொறுத்தாகிவிட்டது, சந்து அப்படியே இருக்கிறது என்றால் அடுத்து காம்போசிட். பல் நிறத்தில் உள்ள பசையைக் கழுத்துப் பக்கம் சேர்த்து, முக்கோணப் பல்லைச் சதுரப்படுத்துவது. பல்லை ராவ வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்பதால் இளம் வயதினருக்கு இதுதான் முதலில் யோசிக்கத் தக்கது. ஆனால் கைத்திறமை வேண்டும். ஈறின் ஓரத்தில் துளி அதிகமாகித் துருத்திக்கொண்டு நின்றால் அங்கே அழுக்கு சேரும், ஈறு வீங்கும், எதற்காகச் செய்தோமோ அதற்கு நேர்மாறாகப் போய்விடும். ஃபில்டர் காபியும் மஞ்சளும் புழங்கும் வாயில் அது சில வருடங்களில் நிறம் மங்கும், ஓரம் பெயரும், மறுபடி செய்ய வேண்டிவரும். பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீர் இன்னும் அழகாக இருக்கும், ஆனால் அதற்குப் பெரும்பாலும் நல்ல பல்லைச் செதுக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் ஒன்றரை மி.மீ. சந்துக்காக வெனீருக்குப் போவது எனக்கு உடன்பாடில்லை.

உதட்டுக்குப் போடும் ஹயலுரானிக் அமில ஊசியை ஈறு முனையில் சொட்டுச் சொட்டாகப் போட்டு உப்ப வைப்பதும் இப்போது நடக்கிறது. சிறிய சந்துகளில் கொஞ்சம் பலன் தெரியலாம். பல தடவை போட வேண்டும், உடல் அந்த மருந்தை மெல்ல உறிஞ்சிவிடும், எலும்பு போன இடத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது. அறுவை சிகிச்சை என்றால், பல்லின் முன்பக்கம் ஈறு இறங்கியதை மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து மூடுவது நன்கு பழகிப்போன வேலை. பற்களின் நடுவே அது அப்படிக் கைகூடுவதில்லை. இடம் அத்தனை சிறியது, ரத்த ஓட்டமும் குறைவு, ஒட்டிய சதை பிழைக்குமா என்பதே உறுதி இல்லை. இழந்த எலும்பை இரண்டு பற்களுக்கு நடுவே மேல்நோக்கி வளர்ப்பது இன்றும் நம்பிச் சொல்லக்கூடிய சிகிச்சையாகவில்லை.

சந்து விழுந்த காரணம் ஈறு நோய் என்றால் அழகைப் பற்றிய பேச்சையே ஒத்திப்போட வேண்டும். பிரஷில் ரத்தம், காலையில் வாய் நாற்றம், பல் ஆடுவது, முன்பு ஒட்டியிருந்த பல் தானாக விலகுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் போக வேண்டியது ஈறு சிகிச்சை நிபுணரிடம். அழற்சி அடங்காத வாயில் கம்பியை மாட்டிப் பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் வேகமாகப் போகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வரும், வந்தால் சீக்கிரம் முற்றும். நாற்பது வயதில் கிளிப் கேட்டு வருகிறவரிடம் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் கேட்காத கிளினிக்கில் எனக்கென்றால் தயக்கம்தான்.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்கள் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பார்க்கலாம். 1953-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. பல்வரிசைச் சிகிச்சைக்கும் ஈறு நோய்க்கும் அங்கே தனித்தனித் துறைகள் இருக்கின்றன. காத்திருக்க வேண்டும், ஆனால் இரண்டு துறையின் கருத்தும் ஒரே வளாகத்தில் கிடைப்பது இந்தச் சிக்கலுக்குப் பெரிய வசதி. வேலப்பன்சாவடி, உத்தண்டி பக்கம் உள்ள தனியார் பல் கல்லூரிகளிலும் இது சாத்தியம்.

எல்லாச் சந்தையும் மூடித்தான் ஆக வேண்டுமா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், திருத்தப்பட்ட சிரிப்புப் படங்களைக் காட்டிக் கேட்டபோது பல்வரிசை நிபுணர்கள் 2 மி.மீ. சந்தையே குறையாகக் கண்டார்கள். பொதுமக்களுக்கும் சாதாரணப் பல் டாக்டர்களுக்கும் 3 மி.மீ. ஆன பிறகுதான் அது உறுத்தியது. கிளினிக்கில் உதட்டை இரு பக்கமும் பிளாஸ்டிக் வளையம் வைத்து இழுத்துப் பிடித்து, விளக்கு போட்டு எடுக்கும் படத்தில் எந்தச் சந்தும் பெரிதாகத்தான் தெரியும். உங்களை யாரும் அந்தக் கோலத்தில் பார்க்கப் போவதில்லை. கைத்தொலைவில் பிடித்த போன் கேமராவும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. சாதாரணமாகச் சிரிக்கும்போது மேலுதடு எதுவரை ஏறுகிறது, ஈறு வெளியே தெரிகிறதா என்று வீட்டில் ஒருவரை இரண்டடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லலாம். பேசும்போது மட்டும் எட்டிப் பார்க்கும் கீழ்ப்பல் சந்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம்.

விட்டுவிடுவது என்றால் கவனிக்காமல் விடுவது இல்லை. முருங்கைக்கீரை, மட்டன் நார், மாங்காய் நார் எல்லாம் அங்கேதான் சிக்கும். பல் நகராமல் இருக்க உள்பக்கம் ஒட்டும் ரீடெய்னர் கம்பியும் இருந்தால் ஃப்ளாஸ் நேராக இறங்காது, கம்பிக்கு அடியில் கோர்த்து இழுக்க வேண்டும். மூடிய சந்துக்கு ஃப்ளாஸ் போதும். திறந்த சந்துக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் பாட்டில் பிரஷ் வடிவிலான குட்டி இடுக்கு பிரஷ் ஏற்றது. அது பல அளவுகளில் வருகிறது. லேசான பிடிப்போடு உள்ளே போய் வெளியே வர வேண்டும், நடுவில் உள்ள கம்பி பல்லில் உரசக் கூடாது. நுழையாத இடத்தில் திணித்தால் எஞ்சியிருக்கும் ஈறு முனையும் நசுங்கிவிடும், அங்கே ஒரு அளவு சிறியதாக வாங்க வேண்டும். எந்தச் சந்துக்கு எந்த அளவு என்பதை அடுத்த தடவை போகும்போது டாக்டரிடமே நுழைத்துக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை.